ஆலையை மூடியதால் டொமைன் அறுந்துபோகாது

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். நெல் வரத்து இல்லாமல் மூன்று மாதம் மூடியிருந்தோம். திறந்தபோது ஒரு கம்ப்யூட்டர் படுமெதுவாக ஓடியது. சர்வீஸ்காரர் பொங்கல் சமயத்தில் எடுத்துவைத்த இமேஜை, அதாவது கம்ப்யூட்டரின் முழு நகலை, ஏற்றிக் கொடுத்தார். அதிலிருந்து உள்ளே நுழைய முடியவில்லை, ‘டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் ஃபெயில்டு’ என்கிறது. “மூணு மாசம் ஆஃப்ல கெடந்தா இப்படித்தாண்ணே, ஃபார்மட் அடிக்கணும்” என்கிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் பாஸ்வேர்டில் கோளாறில்லை, வன்பொருளிலும் இல்லை. டொமைன் என்பது ஒரே சர்வரின் கட்டுப்பாட்டில் இருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டர்களின் கூட்டம். அதில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொந்தமாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. விண்டோஸ் அதை வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றி, சர்வரிலும் பதிந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது பொங்கல் கால பாஸ்வேர்டோடு வந்து நிற்கிறது. சர்வரிடம் இருப்பதோ அதற்குப் பிறகு மாறியது. கெடுத்தது அவர் ஏற்றிய இமேஜ்.

மூடிக்கிடந்ததன் மேல் பழி போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பாஸ்வேர்டு மாற்றத்தைத் தொடங்குவது கம்ப்யூட்டர்தான், சர்வர் அல்ல. அணைத்து வைத்தால் மாற்றமும் நடக்காது, இரு பக்கமும் ஒரே பாஸ்வேர்டுதான் இருக்கும். ஆறு மாதம் கழித்துப் போட்டாலும் பழையதைக் காட்டி உள்ளே போய், பிறகு புதியதாக மாற்றிக்கொள்ளும். அந்த இடைவெளியில் யாராவது சர்வரில் ‘பழைய கணக்கு’ என்று அந்தக் கம்ப்யூட்டரின் பதிவை நீக்கியிருந்தாலோ, வேறொரு கம்ப்யூட்டரை அதே பெயரில் சேர்த்திருந்தாலோ மட்டும் சிக்கல். இரண்டும் ஆள் செய்கிற வேலை.

சரி செய்ய அதிக நேரம் ஆகாது. சர்வரைச் சாராமல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் நிர்வாகி கணக்கில், அதாவது லோக்கல் அட்மின் கணக்கில், நுழைய வேண்டும். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் பின்சாய்கோடும் போட்டால் போதும். விண்டோஸில் கட்டளை தட்டச்சிடும் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, ‘டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல்’ கட்டளையை ‘ரிப்பேர்’, ‘கிரெடென்ஷியல்’ இரண்டையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். டொமைன் முழுவதற்குமான நிர்வாகியின், அதாவது டொமைன் அட்மின், பாஸ்வேர்டு கேட்கும். ‘ட்ரூ’ என்று வந்தால் வேலை முடிந்தது. கடிகாரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். சர்வரைவிட 5 நிமிடத்துக்கு மேல் விலகினாலே லாகின் தகராறு வரும். பெயரை வைத்து சர்வரைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் முகவரியில் உங்கள் சர்வரின் எண்தான் இருக்க வேண்டும், பிராட்பேண்ட்காரர் போட்டுவிட்டுப் போன எண் அல்ல.

சிலர் டொமைனிலிருந்து எடுத்து மறுபடி சேர்ப்பார்கள். அதுவும் வழிதான். ஆனால் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு கையில் இல்லாமல் எடுத்துவிட்டால் வெளியே நிற்பீர்கள், ஃபார்மட் தவிர வழியில்லை என்று அவர் அப்போது தாராளமாகச் சொல்வார்! ஃபார்மட் அடித்தால் ஒரு பில், சாஃப்ட்வேர் ஏற்ற ஒரு பில், காணாமல்போன கணக்கு ஃபைலைத் தேட இன்னொரு பில். ஆண்டு ஒப்பந்தம் என்று பணம் வாங்கிக்கொண்டு, உங்கள் சொந்த சர்வரின் பாஸ்வேர்டையே உங்களிடம் சொல்லாத கூத்து வேறு எந்தத் தொழிலில் நடக்கும்?

முதலில் டி டிரைவில் உள்ள கணக்கை வெளி ஹார்டு டிஸ்கில் எடுத்துவையுங்கள். அப்புறம் லோக்கல் அட்மின், டொமைன் அட்மின் பாஸ்வேர்டு இரண்டையும் அவரிடம் எழுதி வாங்கி, முதலாளியின் பீரோவில் வையுங்கள். தராதவரை இந்த மாதப் பில்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.