கலைச் சஞ்சிகையின் பக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கொக்குவிலில் நண்பர்கள் சேர்ந்து ஓவியம், சிற்பம் பற்றி ஒரு காலாண்டுச் சஞ்சிகை கொண்டுவர இருக்கிறோம். ஏ4 அளவு, 32 பக்கம், மூன்று நிரல். மாதிரிப் பிரதியில் எழுத்து நெருக்கமாகத் தெரிகிறது. வரிகளுக்குள் வெள்ளை ஓட்டைகள் விழுகின்றன. ஓவியங்களும் எடுபடவில்லை. வேறு எழுத்துரு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். முதலில் கட்டுரை எழுத்தின் வரியைச் சரிசெய்யுங்கள். அட்டை, தலைப்பு அலங்காரம் எல்லாம் அப்புறம்.

ஆங்கிலத்தில் 10 பொயின்ட் எழுத்துக்கு 12 பொயின்ட் வரியிடை (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடிவரை உள்ள தூரம்) வைப்பது வழக்கம். அதை அப்படியே தமிழுக்குப் போட்டதால்தான் பக்கம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீ, மீ போன்றவற்றின் சுழி மேலே எழும்பும். து, நு போன்றவற்றின் வால் கீழே இறங்கும். மேல்வரி வாலும் கீழ்வரிச் சுழியும் முட்டினால் எவ்வளவு அழகான எழுத்துருவும் கண்ணைக் களைக்கவைக்கும். 10 பொயின்டுக்கு 15 அல்லது 16 வையுங்கள். பக்கம் கூடுமே என்று பயப்பட வேண்டாம். கட்டுரையைச் சுருக்கலாம், வரியிடையைச் சுருக்கக் கூடாது.

வெள்ளை ஓட்டைகளுக்குக் காரணம் மூன்று நிரல். ஏ4இன் அகலம் 210 மில்லிமீற்றர். ஓரங்களையும் நிரல்களுக்கு இடையிலான வெளியையும் கழித்தால் ஒரு நிரலுக்கு ஏறக்குறைய 55 மில்லிமீற்றர்தான் மிஞ்சும். நம் சொற்கள் நீளமானவை. அந்த அகலத்தில் மூன்று, நான்கு சொல்தான் அடங்கும். இரு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கணினிக்குச் சொன்னால், அது மிச்ச இடத்தை அந்த மூன்று சொற்களுக்கு இடையில்தான் கொட்டும். இரண்டு நிரலாக்குங்கள்; இடது ஓரத்தை மட்டும் நேராக்கி வலதை அதன்போக்கில் விடுங்கள். குறுகிய நிரல் கட்டாயம் வேண்டுமென்றால், நம் பத்திரிகைகள் செய்வதுபோல் கோடு போடாமலே சொல்லை எழுத்தெல்லையில் உடைக்கலாம். ஆனால் ‘கொ’ போன்ற ஓர் எழுத்தை இரண்டாகப் பிரித்துவிடாதீர்கள்.

பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் கொம்பும் காலும் இடம்மாறி நின்றால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரை (எழுத்துகளை வரியில் கோக்கும் முறை) தெரிவுசெய்யுங்கள். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் வந்த கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றியபின், இடையில் ஆங்கிலச் சொல் இருந்த இடங்களைக் கட்டாயம் பாருங்கள். அவை பொருளில்லாத தமிழ் எழுத்துகளாக மாறியிருக்கும். எழுத்துருவுக்குக் கட்டுரையில் நோட்டோ செரிஃப் தமிழ், படக்குறிப்பில் முக்த மலர் போதும். இரண்டும் இலவசம். ஓவியத் தலைப்பைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம். தமிழைக் கணினி செயற்கையாகச் சாய்த்தால் வளைவுகள் கெட்டுவிடும். ஒற்றை மேற்கோள்குறி நன்றாக இருக்கும்.

இனி ஓவியங்கள். தயவுசெய்து ஓவியத்தின் மேல் எழுத்தை ஏற்றாதீர்கள். ஓவியர் வெறுமையாக விட்ட வானமும் அவருடைய ஓவியம்தான். ஒரு பக்கத்தில் ஆறு சிறு படங்களை அடுக்குவதைவிட ஒன்றைப் பெரிதாகப் போட்டு, சுற்றிலும் வெள்ளை விடுங்கள். ஒரு துண்டை மட்டும் காட்டினால் குறிப்பில் ‘பகுதி’ என்று எழுதுங்கள். முழுப்பக்கப் படத்துக்கு ஏறத்தாழ 2480 × 3508 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

சிறிய எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு நிறமும் சேர்த்த கறுப்பு இம்மியளவு விலகினாலும் எழுத்து மங்கும். தாள் மினுங்காததாக இருந்தால், இருண்ட ஓவியங்களில் விளக்கொளி தெறிக்காது. மொத்தமாக அடிக்குமுன் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை அதே தாளில் அச்சிட்டுத் தரும்படி அச்சகத்திடம் கேளுங்கள். வரியிடையும் நிறமும் அந்தத் தாளில் எப்படி இருக்கும் என்று திரையில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.