ரசாயனப் பேரழிவில் பாதிக்கப்பட்டவர்களே தங்கள் நோயை மறைப்பது ஏன்?

ஜப்பானின் மினமாட்டா என்ற கடலோர ஊரில் நடந்ததை வைத்தே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். வேதியியல் மாணவனாக அதை முதலில் படித்தேன். விஷத்துக்கு நிகராக, அதை வெளியே சொல்ல முடியாத நிலையும் அம்மக்களை வாட்டியது என்பது, நோயாளிகளின் அனுபவங்களைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

அங்கிருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலையின் கழிவுநீரில் இருந்த மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீனில் சேர்ந்து, மூன்று வேளையும் மீன் உண்ட மீனவர் குடும்பங்களின் மூளையையும் நரம்புகளையும் தாக்கியது. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானபோது காரணம் தெரியாததால், அதைத் தொற்றுநோய் என்று ஊர் அஞ்சியது. அந்த வீட்டார் நீட்டும் காசைக் கையால் வாங்கக்கூடக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். நோய் இருக்கும் வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். செய்தி பரவினால் மீன் விலைபோகாது. ஊரில் பலருக்குச் சோறு போட்டதும் அதே ஆலைதான். ஆகவே விரல் மரத்து, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவித்தவர்கள்கூட வாய் திறக்கவில்லை.

ஆலை மறைத்ததையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1959இல் ஆலை மருத்துவமனையின் மருத்துவர் ஹொசோகாவா, கழிவுநீர் கலந்த உணவை உண்ட பூனைக்கும் அதே நோய் வருவதைக் கண்டார். நிறுவனம் அதை வெளியிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், ஆலையே காரணம் என்று பின்னாளில் தெரிந்தாலும் மேற்கொண்டு இழப்பீடு கேட்பதில்லை என்று நோயாளிகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியது. 1968 வரை கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அந்த மௌனம் லாபத்துக்கானது. மக்களின் மௌனமோ பிழைப்புக்கும் பிள்ளைகளின் கல்யாணத்துக்குமானது.

உண்மையை வெளிக்கொண்டுவர உதவியதும் வீட்டுக்குள் பத்திரப்படுத்தியிருந்த ஒரு பொருள்தான். நம் ஊரில் தாயத்துக்குள் வைத்துக் கட்டுவதைப் போல, ஜப்பானியத் தாய்மார்கள் குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் வைத்திருப்பார்கள். மருத்துவர் ஹராடா மசசுமி அவற்றைத் திரட்டிச் சோதித்தபோது, கருவிலேயே விஷம் ஏறியதற்கான பாதரசச் சான்று கிடைத்தது.

அச்சத்தால் ஒளிந்திருந்தவர்களுக்குச் சட்டம் கெடு வைத்ததுதான் என்னால் ஏற்கவே முடியாதது. 2009ஆம் ஆண்டு நிவாரணச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிப்பதற்கான காலம் 2012 ஜூலையோடு முடிந்தது. அந்த நிவாரணம் கிடைக்காதவர்கள் தொடுத்த வழக்கில், 2023 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 128 பேரையும் மினமாட்டா நோயாளிகள் என ஏற்று இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்தும் அரசு மேல்முறையீடு செய்தது.