ஈஸா நபி (இயேசு) சிலுவையில் இறக்கவில்லை என்று நண்பர் சொன்னது பற்றி

உங்கள் முஸ்லிம் நண்பர் உங்களைச் சீண்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. பெரிய வெள்ளியன்று ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது "ஈஸா நபி சிலுவையில் சாகவே இல்லை" என்று அவர் சொன்னது அல்குர்ஆன் 4:157இல் இருப்பதுதான்: அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றியது. அடுத்த வசனம், அல்லாஹ் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது.

உங்கள் மனம் நொந்ததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்: இறைவன் தன் தூதரை அந்த இழிவுக்கு விடவில்லை என்பது உங்கள் நண்பருக்குக் கண்ணியம். கிறிஸ்தவரான உங்களுக்கோ அந்தச் சிலுவை மரணமே மீட்பு. நான்கு சுவிசேஷங்களும் அதை நோக்கித்தான் போகின்றன. இரண்டு பேரும் இயேசுவை மதித்துத்தான் பேசுகிறீர்கள், அதை மறக்க வேண்டாம்.

வாய்ப்புக் கிடைத்தால் அந்த இரண்டு வசனங்களையும் மாற்கு 15ஐயும் சேர்ந்து வாசியுங்கள். வேறொருவர் ஈஸாவின் உருவத்தில் அறையப்பட்டார் என்ற விவரம் குர்ஆன் வசனத்தில் இல்லை, குர்ஆனுக்கு எழுதப்பட்ட விளக்க நூல்களில் வருவது. எல்லா முஸ்லிம் அறிஞர்களும் அதில் ஒரே கருத்தில் இல்லை.

அப்புறம், யாராவது வாட்ஸ்அப்பில் பர்னபா சுவிசேஷத்தை (இயேசு சிலுவையில் இறக்கவில்லை என்று சொல்லும், பைபிளில் இல்லாத ஒரு நூல்) ஆதாரமாக அனுப்பினால் அதை வைத்து வாதாடாதீர்கள். இன்று கிடைக்கும் அதன் கைப்பிரதிகள் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்தியவை அல்ல.