பைத்தான் இம்போர்ட் பிழைகள்: கேள்வி பதில்

கேள்வி: 'கடை' ஃபோல்டருக்குள் பில், ஸ்டாக் என்று இரண்டு பைத்தான் ஃபைல். பில்லில் 'ஃப்ரம் .ஸ்டாக் இம்போர்ட் இருப்பு' என்று எழுதி, ஃபைலை நேரடியாக ஓட்டினால் 'நோ நோன் பேரண்ட் பேக்கேஜ்' என்கிறது. ஸ்டாக் பக்கத்திலேயேதானே இருக்கிறது?

பதில்: இருக்கட்டும். அந்தப் புள்ளி ஃபோல்டரைப் பார்ப்பதில்லை, பேக்கேஜ் (பைத்தான் ஃபைல்களின் தொகுப்பு) பெயரைப் பார்க்கிறது. நேரடியாக ஓட்டிய ஃபைலின் பெயர் 'மெயின்' ஆகிவிடும். எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்ற தகவல் 'நன்' (எதுவுமில்லை) என்று நிற்கும். 'கடை'க்கு ஒரு படி மேலே வந்து 'பைத்தான் -எம் கடை.பில்' கொடுங்கள். சாய்கோடு கூடாது, கடைசியில் '.பிஒய்' கூடாது. இப்போது பைத்தான் இம்போர்ட்டுக்காகத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான 'சிஸ்.பாத்'தின் முதல் இடத்தில் நீங்கள் நிற்கும் ஃபோல்டர் வரும். நேரடியாக ஓட்டினால் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான் வரும்.

கேள்வி: ஃபோல்டரைப் பேக்கேஜாக்கும் இனிட் ஃபைல் போட்டும் அதே பிழை.

பதில்: இனிட் இதற்கு மருந்தல்ல. 3.3 பதிப்பிலிருந்து அது இல்லாமலே ஃபோல்டர் பேக்கேஜாகும். இருந்தாலும் போட்டு வையுங்கள். ஓட்டும் விதத்தை மாற்றுங்கள்.

கேள்வி: 'சிஸ்.பாத்.அப்பெண்ட்' போட்டு மேல் ஃபோல்டரைச் சேர்த்தால் முடிந்தது. ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்?

பதில்: சேர்த்தாலும் புள்ளி வேலை செய்யாது. அதைவிட மோசம், மேல் ஃபோல்டரும் 'கடை'யும் பாத்தில் இருப்பதால் ஒரே ஃபைல் 'ஸ்டாக்' என்றும் 'கடை.ஸ்டாக்' என்றும் இருமுறை ஏறலாம். கிளாஸும் இரண்டாகிவிடும், ஒன்றில் உருவான ஆப்ஜெக்டை இன்னொன்றோடு 'இஸ்இன்ஸ்டன்ஸ்' (இந்த கிளாஸைச் சேர்ந்ததா என்று பார்ப்பது) வைத்துச் சோதித்தால் 'ஃபால்ஸ்'. பிழைச் செய்தியே வராது, தேடிக்கொண்டே இருப்பீர்கள். மேல் ஃபோல்டரில் 'பைப்ராஜெக்ட்.டாம்ல்' என்ற அமைப்பு ஃபைலை வைத்து, 'ப்ராஜெக்ட்' தலைப்பின் கீழ் நேம், வெர்ஷன் எழுதி, வென்வுக்குள் (ப்ராஜெக்டுக்கென்று தனியாக உருவாக்கும் பைத்தான் சூழல்) 'பிப் இன்ஸ்டால் -இ .' கொடுங்கள். பிறகு எங்கிருந்தும் '-எம்' ஓடும்.

கேள்வி: நாற்பது வரி ஸ்கிரிப்டுக்கு டாம்ல் எல்லாம் ஓவர்.

பதில்: அப்படியானால் பேக்கேஜே ஓவர். புள்ளியை எடுத்துவிட்டு 'இம்போர்ட் ஸ்டாக்' என்று எழுதுங்கள், ஓடும். ஆனால் வெளியிலிருந்து 'இம்போர்ட் கடை.பில்' என்றதும் உடையும். இரண்டும் வேண்டும் என்பதுதான் வம்பு. பேக்கேஜுக்குள் இருக்கும் ஃபைலை நேரடியாக ஓட்ட வழி கேட்ட பெப் 3122 என்ற மாற்ற முன்மொழிவை 2007-லேயே பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் நிராகரித்துவிட்டார். அந்தப் பழக்கமே தவறு என்பது அவர் கட்சி.

கேள்வி: அப்பெண்ட் எனக்கு இதுவரை உடைந்ததில்லை.

பதில்: இஸ்இன்ஸ்டன்ஸ் எழுதும்வரை உடையாது.

கேள்வி: '-எம்' கொடுத்தேன், 'நோ மாட்யூல் நேம்ட் கடை'.

பதில்: 'கடை'க்குள்ளேயே நிற்கிறீர்கள். 'சிடி ..' அடியுங்கள்.

கேள்வி: 'ரேண்டம்' இம்போர்ட் ஆகிறது, 'ரேண்ட்இன்ட்' இல்லை என்கிறது.

பதில்: உங்கள் ஃபைல் பெயரும் 'ரேண்டம்'தானே? மாற்றுங்கள்.

கேள்வி: இனிட் ஃபைல் இருக்கிறது, ஆனாலும் பேரண்ட் பேக்கேஜ் இல்லை என்று...

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: விஎஸ் கோடில் '-எம்' எங்கே கொடுப்பது?

பதில்: எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் 'லாஞ்ச்.ஜேசன்' ஃபைலில் 'ப்ரோக்ராம்' வரியை எடுத்துவிட்டு, 'மாட்யூல்' என்பதற்கு 'கடை.பில்' என்று கொடுத்து எஃப்5 அழுத்துங்கள். மேலே இருக்கும் முக்கோணப் பொத்தான் இந்த அமைப்பைப் படிக்காது, ஃபைலை நேரடியாகத்தான் ஓட்டும்.