அம்மாவின் எக்கோ ரிப்போர்ட்டில் 'லெஃப்ட் ஏட்ரியல் மிக்ஸோமா' என்று இருக்கிறது. இதயத்தில்கூடக் கட்டி வருமா? புற்றுநோயா?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கூகுளில் தேடியிருப்பீர்கள், அதோடு தூக்கமும் போயிருக்கும். வரும், ஆனால் அபூர்வம். மிக்ஸோமா என்பது இதயத்துக்குள்ளேயே வளரும் கட்டி, அம்மாவுக்கு அது இடது ஏட்ரியத்தில், அதாவது இதயத்தின் இடது மேலறையில் இருக்கிறது. அது புற்றுநோய் அல்ல. இதயத்தில் புற்று என்றால் பெரும்பாலும் நுரையீரல், மார்பகம் என்று வேறு இடத்தில் தொடங்கிப் பரவியதாகத்தான் இருக்கும்.

நான் டாக்டர் இல்லை, எக்கோ எடுக்கும் டெக்னீஷியன். "டெக்னீஷியன் எல்லாம் நோய் சொல்ல வந்துட்டாங்களா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: நான் படம் எடுக்கிறேன், பார்த்துக் கையெழுத்துப் போடுவது கார்டியாலஜிஸ்ட்தான்.

நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மா எங்களிடம் வந்தார். மூச்சுத் திணறல், விட்டுவிட்டுக் காய்ச்சல், எடையும் இறங்கியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டதால் ருமாட்டிக் வால்வுக் கோளாறு (ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதாவது) என்று முடிவுசெய்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வாசல்) சுருக்கம் சகஜம், காதால் கேட்டால் அதுவும் மிக்ஸோமாவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "உக்காந்தா முட்டுதும்மா, சாஞ்சு படுத்தா தேவலை" என்றார். வழக்கமான இதய நோயாளிகள் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். வீட்டில் யாரும் நம்பவில்லையாம்.

இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து நெஞ்சில் ப்ரோப்பை, அதாவது ஸ்கேன் கருவியின் முனையை வைத்தால், வால்வு இதழ்கள் மெல்லிசாக நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டு ஏட்ரியத்துக்கும் நடுச்சுவரில் காம்பு விட்டு ஓர் உருண்டை. வால்வு திறக்கும்போதெல்லாம் கோயில் மணியின் நாக்கு மாதிரி அதற்குள் போய்ப்போய் வந்தது. நிமிர்ந்தால் அது வாசலில் இறங்கி அடைக்கும், படுத்தால் விலகும். அவ்வளவுதான் அந்த அம்மாவின் மர்மம். உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

ரத்தக் கட்டியாக இருக்குமோ என்பதுதான் அடுத்த கேள்வி. அது பெரும்பாலும் சீரில்லாத இதயத் துடிப்பு உள்ளவர்களுக்கு, ஏட்ரியத்தின் பை போன்ற மூலையில் உறைந்து கிடக்கும். நடுச்சுவரில் காம்போடு ஆடினால் மிக்ஸோமா பக்கம்தான் சாய்வார்கள். சந்தேகம் இருந்தால் உணவுக்குழாய் வழியாக எக்கோ, இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்ப்பதில்லை. துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆபரேஷனில் எடுத்த கட்டியைப் பரிசோதித்தால்தான் முழு உறுதி.

அந்த அம்மாவின் ரிப்போர்ட்டில் என் பெயர் இல்லை, எதிலும் இருக்காது. நாள் முழுக்க ப்ரோப்பை அழுத்தித் தோள்பட்டை போய்விட்டது, வெளியே "அந்த ஸ்கேன் எடுக்கிற பொண்ணு" என்றுதான் பேச்சு. சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்பதெல்லாம் வேண்டாம். 1954லேயே ஸ்டாக்ஹோமில் கிராஃபோர்ட் என்ற ஸ்வீடன் சர்ஜன் வெற்றிகரமாகச் செய்த ஆபரேஷன் இது. நெஞ்சைத் திறந்து, காம்பு ஒட்டியிருக்கும் சுவரையும் சேர்த்து வெட்டுவார்கள். சிலருக்குத் திரும்ப முளைக்கும் என்பதால் பிறகும் அவ்வப்போது எக்கோ எடுக்கச் சொல்வார்கள். சர்ஜனைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, அசையும் படம் உள்ள சிடியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.