துளையில்லாக் கிண்ணத்தில் சதைப்பற்றுச் செடிகள்: அடியில் இட்ட கூழாங்கல் நீரை வடிக்குமா?

கேள்வி: அகலமான, அடியில் துளையில்லாத பீங்கான் கிண்ணம் ஒன்றில் எச்சவேரியா, ஹாவோர்த்தியா, ஜேட், சீடம் ஆகிய சதைப்பற்றுச் செடிகளைச் சேர்த்து நட்டு, வரவேற்பறை மேசையில் வைத்திருக்கிறேன். நீர் தேங்கக் கூடாது என்பதற்காக அடியில் 2 அங்குல உயரத்துக்குக் கூழாங்கல்லும் சிறிது கரித்துண்டும் பரப்பி, அதன்மேல் தோட்டத்து மண்ணும் மண்புழு உரமும் சரிபாதியாகக் கலந்து இட்டேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தெளிப்பானால் நீர் தெளிக்கிறேன். மூன்று வாரங்களில் எச்சவேரியாவின் அடியிலைகள் கண்ணாடிபோல் ஆகி, தொட்டாலே உதிர்கின்றன. நடுப்பகுதியோ உயரமாக நீள்கிறது. ஜேட் செடியின் தண்டு மண்ணை ஒட்டிக் கறுத்துவிட்டது. உரம் போதவில்லையா? செடிகளைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: இது உரக் குறைபாடு அன்று, இப்போது உரமிட்டால் சேதம்தான் கூடும். நீங்கள் விவரித்திருப்பவற்றில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கின்றன. இலை கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்து கொழகொழத்து உதிர்வது, அளவுக்கு மிஞ்சிய நீரால் இலைத் திசுக்கள் சிதைந்ததன் அடையாளம். நீர் போதாத செடியின் இலை இப்படி ஆகாது. அது சுருங்கி, மேல்தோலில் வரிகள் விழுந்து, அடியிலைகள் காகிதமாகக் காய்ந்து தண்டிலேயே ஒட்டியிருக்கும். ஜேட் தண்டின் கறுப்பும் ஈரத்தால் வந்த அழுகல்தான். எச்சவேரியா நீள்வதற்குக் காரணம் வேறு: அதற்கு வெளிச்சம் போதவில்லை.

முதலில் செடிகளைக் காப்பாற்றும் வழியைப் பார்ப்போம், அதைத் தள்ளிப்போட முடியாது. நான்கு செடிகளையும் இன்றே கிண்ணத்திலிருந்து எடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் மண்ணை உதிர்த்துவிடுங்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேரை இரு விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்தால் மேலுறை வழுக்கிக் கழன்று, உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அத்தகைய வேர்கள் அனைத்தையும் வெட்டி அகற்றுங்கள். வேர்களைச் சோதிக்கையில், வாங்கியபோது செடி வளர்ந்திருந்த சிறு தொட்டியின் கரிமண் கட்டி இன்னும் வேரின் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வலைத்துணி சுற்றிய கட்டிகளும் உண்டு. வெளியே எவ்வளவு நல்ல கலவையை இட்டாலும் இந்தக் கட்டி தன்னளவில் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தண்டடியை நனைத்தே வைத்திருக்கும் என்பதால், அதைப் பொறுமையாகப் பிரித்தெடுத்துவிட வேண்டும்.

ஜேட் செடியைக் கறுப்புக்கு மேலே, கூரான கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். நடுவில் பழுப்புப் புள்ளியோ ஓரத்தில் பழுப்பு வளையமோ தெரிந்தால் அழுகல் அதற்கும் மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு, முகம் முழுவதும் ஒரே சீரான வெளிர் பச்சையாகத் தெரியும்வரை மேலே மேலே வெட்டிச் செல்ல வேண்டும். பச்சை மிஞ்சவே இல்லையென்றால் அந்தத் தண்டைக் கைவிடுவதே நல்லது. நல்ல பகுதியை நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் கிடத்தினால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். அதன்பின் உலர்ந்த கலவையில் ஊன்றி, சில நாள் கழித்தே முதல் நீர் கொடுங்கள். நீண்டுபோன எச்சவேரியாவின் தலைப்பகுதியையும் ஒரு விரல் அளவு தண்டுடன் வெட்டி இதேபோல் வேர்விடச் செய்யலாம், ஏனெனில் நீண்ட தண்டு மறுபடி குறுகாது. அதன் இலைகளில் உறுதியானவற்றை அடிப்பகுதி முழுதாக வருமாறு பக்கவாட்டில் அசைத்துப் பிரித்து, கலவையின்மேல் சும்மா கிடத்தினாலே போதும். சில வாரங்களில் அடியில் வேரும் சிறு குருத்தும் தோன்றும். கண்ணாடியாகிப்போன இலைகள் இதற்கு உதவா.

இனி, உங்கள் கிண்ணத்தின் அடியிலுள்ள கூழாங்கல்லைப் பற்றி. கல் அடுக்கு இட்டால் நீர் வடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் நடப்பது அதற்கு நேர்மாறு. மண்ணின் நுண்துளைகள் நீரை இழுத்துப் பிடித்திருக்கின்றன; கற்களுக்கிடையே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுவை கிடையாது. ஆகவே மண்ணின் அடிப்பகுதி முழுமையாக நனைந்து நிறையும்வரை நீர் கல் அடுக்குக்குள் இறங்காமல் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. கல் இல்லாவிட்டால் கிண்ணத்தின் அடித்தளத்தில் இருந்திருக்கும் அந்த ஈர அடுக்கு, இப்போது 2 அங்குலம் மேலேறி வேருக்கு அருகிலேயே வந்துவிட்டது. அதையும் மீறிக் கற்களுக்குள் இறங்கிய நீர் வெளியேற வழியின்றி, கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே கிடக்கிறது. கரித்துண்டும் நீரை வெளியேற்றப் போவதில்லை.

ஆழம் குறைந்த கலத்தில் இந்தச் சிக்கல் கூடுதலாக உறுத்தும். பாத்திரம் கழுவும் நுரைப்பஞ்சு ஒன்றை முழுக்க நனைத்துக் கிடைமட்டமாகப் பிடித்து, சொட்டுவது நின்றபின் அதையே செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். மேலும் நீர் வடியும். ஈரம் தங்கும் அடுக்கின் உயரம் கலவையின் தன்மையைப் பொறுத்ததேயன்றிக் கலத்தின் ஆழத்தைப் பொறுத்ததன்று. எனவே 3 அங்குலக் கிண்ணத்தில் அது வேர்ப்பகுதியின் பெரும்பங்கை விழுங்கிவிடும். அலங்காரக் கிண்ணங்கள் பெரும்பாலும் ஆழமற்றவை என்பதால், அவற்றில் கலவையும் துளையும் சாதாரணத் தொட்டியைக் காட்டிலும் முக்கியமாகின்றன.

துளையிடுவதே என் முதல் பரிந்துரை. கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றுக்கான வைரமுனைத் துளையியைக் குறைந்த வேகத்தில், அழுத்தம் கொடுக்காமல், துளையிடும் இடத்தில் நீர் விட்டுக்கொண்டே செலுத்தினால் பெரும்பாலான கிண்ணங்கள் விரிசலின்றித் துளைபடும்; அதிரவைக்கும் சுத்தியல் முறையை மட்டும் அணைத்துவிட வேண்டும். மின்கருவியில் ஈரம் படாமல் கவனமாகச் செய்யுங்கள். கிண்ணத்தைத் துளைக்க மனம் வராவிட்டால், துளையுள்ள சிறு பிளாஸ்டிக் தொட்டிகளில் செடிகளைத் தனித்தனியே வளர்த்து, அத்தொட்டிகளைக் கிண்ணத்துக்குள் அடுக்கி, விளிம்பை மேல்கற்களால் மறைக்கலாம். நீர் விடும் நாளில் வெளியே எடுத்து, விட்டு, வடிந்தபின் திரும்ப வைக்கலாம். துளையுமில்லை, உள்தொட்டியுமில்லை என்றால் ஒவ்வொரு முறையும் அளந்து, கலவையின் கன அளவில் கால் பங்குக்கு மேற்படாமல் நீர் விட வேண்டும். இது கைப்பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் சரிவரும், தொடக்கநிலையில் நான் அறிவுறுத்துவதில்லை.

கலவையில் மண்புழு உரம் பாதி என்பது இச்செடிகளுக்கு மிகமிக அதிகம். தூசி நீங்கச் சலித்த பருமணல், பெர்லைட் (சூட்டில் பொரித்த வெண்ணிற எரிமலைக் கண்ணாடித் துகள்), பொடித்த செங்கல் துண்டு, எரிமலைக்கல் நுரையான பியூமிஸ் போன்ற கனிமப் பொருள்கள் மூன்றில் இரண்டு பங்கும், மட்கிய இலை உரமோ தென்னை நார்க்கழிவோ மூன்றில் ஒரு பங்கும் இருக்கட்டும். துகள்கள் 2 முதல் 5 மில்லிமீட்டர் பருமனில் இருப்பது நல்லது. பூச்சு வேலைக்கான நைஸ் மணல் இடைவெளிகளை அடைத்துக் கெட்டியாக்கிவிடும் என்பதால் ஆகாது. நீரூற்றிய சில நொடிகளில் மேற்பரப்பில் தேங்காமல் உள்ளே மறைய வேண்டும், அதுவே கலவைக்கான சோதனை.

நீரைத் தெளிப்பானால் அடிக்கடி தூவுவதை நிறுத்திவிடுங்கள். மேல்மண் மட்டும் நனைவதால் வேர் ஆழமாக இறங்காது. எச்சவேரியாவின் இலையடுக்கின் நடுவில் தங்கும் துளிகள் அழுகலுக்கும் இடம் கொடுக்கும். துளையுள்ள கிண்ணத்தில் அடிவழியாக வடியும்வரை ஒருமுறை நன்றாக விட்டு, கலவை அடிவரை உலர்ந்தபின்பே அடுத்த நீர். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகி, சில நிமிடம் விட்டு எடுத்தால், அது உலர்ந்து வருகிறதா, மண் ஒட்டி வருகிறதா என்பதில் விடை இருக்கும். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்குச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அறையின் வெப்பம், காற்றோட்டம், கிண்ணத்தின் அளவு ஆகியவற்றுக்கேற்ப அது மாறும் என்பதால் நான் சொல்வதில்லை. இவற்றில் பெரும்பாலான இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கிச் சேமிப்பவை. பகல் வெயிலில் நீரிழப்பு மிகக் குறைவு என்பதால் உங்கள் மறதியை அவை எளிதில் தாங்கும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, உங்கள் நான்கு செடிகளும் ஒரே கிண்ணத்துக்கு உகந்த கூட்டு அல்ல. மெக்சிகோவின் மலைப்பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட எச்சவேரியாவுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேர நேரடி வெளிச்சம் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் புதரடியிலும் பாறையிடுக்கிலும் வளரும் ஹாவோர்த்தியாவுக்கு அந்த வெயில் கடுமை. அதன் இலை சிவந்து சுருங்கும். ஆகவே ஹாவோர்த்தியாவைத் தனியே ஒரு சிறு தொட்டியில் மேசைக்கருகே, நல்ல சன்னல் வெளிச்சம் எட்டுமிடத்தில் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் வெயில் விழும் சன்னலுக்கு நகர்த்துங்கள். ஒரேயடியாக நகர்த்தினால் இலையில் வெண்பழுப்புத் தீய்ப்புத் தழும்புகள் விழும், அவை மறையா. வேர்பிடித்தபின் 7 முதல் 10 நாள்களில் படிப்படியாக வெயிலைக் கூட்டுங்கள்.

பூச்சிகளில் இலைக்கணுக்களில் வெண்பஞ்சாகத் தெரியும் மாவுப்பூச்சியே முதன்மையானது. பஞ்சுமுனைக் குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் தொட்டு அகற்றி, வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். எச்சவேரியாவின் இலைமேல் உள்ள சாம்பல் நிறப் பூச்சு நோயன்று. அதைத் துடைக்க வேண்டாம், எண்ணெய் மருந்துகள் அதைக் கரைத்துவிடும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை, பரிந்துரைத்த அளவில் கால் பங்கு திரவ உரம் போதும். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் ஜேட் செடியை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தின்றால் வாந்தி எடுக்கும்.

பழைய மண்ணை மறுபடி பயன்படுத்தாமல் அப்புறப்படுத்தி, கிண்ணத்தையும் கற்களையும் சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்துங்கள். கற்களை மேலே அலங்காரமாகப் பரப்பிக்கொள்ளலாம், அடியில் வேண்டாம். ஜேட் துண்டை மெல்ல இழுத்துப் பார்த்து, பிடிமானம் தெரிந்தபிறகே கிண்ணத்துக்கு மாற்றுங்கள்.