இங்கிலாந்தில் லண்டனைத் தாண்டி ஒரு பழைய சந்தை ஊரையும் அதன் கிராமப்புறத்தையும் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

லட்லோவுக்குப் போங்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் சேரும் எல்லைப் பக்கம், ஷ்ராப்ஷயரின் தெற்குக் கோடியில், டீம் ஆறு வளைந்து போகும் ஒரு மேட்டில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். மான்செஸ்டரிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் நேர் ரயில் உண்டு. லண்டனிலிருந்து வருகிறவர்கள் வழியில் வண்டி மாற வேண்டும், அதனால் ஒரே நாளில் போய்த் திரும்பப் பார்க்காதீர்கள். இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் ஊரைச் சுற்றியிருக்கும் நிலத்துக்கு. அந்த இரண்டாவது நாளைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் முதல் நாள் பார்த்தது பாதிதான் புரியும்.

நான் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறேன். லட்லோவுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். நான்காவது முறை அப்பாவோடு, ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில். அப்பா கோவில்பட்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் மளிகைக் கடை வைத்திருந்தவர். அவர் கண் வழியாகப் பார்த்தபோதுதான் இந்த ஊர் எனக்குச் சரியாகப் பிடிபட்டது. அதனால் அந்தப் பயணத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நாள் பார்த்துப் போங்கள். சந்தை கூடுவது திங்கள், புதன், வெள்ளி, சனி. கோட்டை வாசலுக்கு நேர் எதிரே உள்ள சதுக்கத்தில் கடை போடுகிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு அமைத்த ஊர் இது. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே அகலமான ஒரே தெரு, அதுதான் அன்றைய சந்தை. நாளாக ஆக, சந்தையன்று மட்டும் போட்டு எடுத்த கடைகள் நிரந்தரக் கடைகளாகி, அதன் மேல் மாடி எழும்பி, அகலத் தெருவின் நடுவிலேயே வீட்டு வரிசைகள் வந்துவிட்டன. மிச்சம் விட்ட இடைவெளிகள்தான் இன்றைக்கு நாம் தோள் உரச நடக்கும் சந்துகள். இதை நான் விளக்க ஆரம்பித்ததுமே அப்பா, "நம்ம தேரடியில தட்டுக்கடை போட்டவன் எல்லாம் கட்டடம் கட்டுன மாதிரிதானம்மா" என்றார். அவ்வளவுதான் விஷயம், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சதுக்கத்தில் 1880களில் கட்டிய செங்கல் சந்தைக் கட்டடம் ஒன்று இருந்தது. 1986இல் அதை இடித்துவிட்டு மறுபடி வானத்துக்குக் கீழேயே கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, செடி நாற்று, பழைய பாத்திரம், கம்பளித் துணி என்று எல்லாம் கலந்து கிடக்கும். நாங்கள் போனபோது ஆஸ்பராகஸ் பருவம் முடியப் போகிற சமயம். ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். அப்பா ஒரு கட்டை எடுத்து, வெட்டிய அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஈரம் கசிந்தது. "காலைல வெட்டுனது" என்றார். கடைக்காரப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்த விரல் என்ன செய்தது என்று அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இது நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனம்தான் என்று நான் சொன்னதும் அப்பா இரண்டு கட்டு வாங்கிவிட்டார்.

சந்தைக்குப் பின்னால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே உயர்ந்து நிற்பது புனித லாரன்ஸ் தேவாலயத்தின் கோபுரம். 135 அடி. ஏறத்தாழ 200 படி ஏறினால் கிழக்கே க்ளீ மலைகள், மேற்கே வேல்ஸ் பக்கத்து மலைகள் எல்லாம் தெரியும். முழங்கால் ஒத்துழைக்காது என்பதால் அப்பா ஏறவில்லை. அவருக்கு நான் காட்ட நினைத்தது கீழேதான் இருந்தது.

பீடத்துக்கு முன்னால் பாடகர் வரிசையில் பழைய ஓக் மர இருக்கைகள் இருக்கின்றன. மடக்கு இருக்கைகள். மடக்கினால் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன விளிம்பு வரும். மணிக்கணக்காக நின்று வழிபட வேண்டியிருந்தவர்கள் சற்றே சாய்ந்துகொள்ள வைத்த விளிம்பு அது. அந்த விளிம்புக்குக் கீழே, யாரும் எளிதில் பார்க்காத இடத்தில், மத்தியகாலத் தச்சர்கள் செதுக்கியிருப்பதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். ஒன்றில், பீர் விற்ற ஒரு பெண்ணைப் பேய் தோளில் தூக்கிக்கொண்டு நரகத்தின் வாய்க்குக் கொண்டுபோகிறது. இன்னொரு பேய் அவள் பாவங்களை நீளச் சுருளில் வாசிக்கிறது, மற்றொன்று பை வைத்த குழல் ஊதுகிறது. அவள் என்ன குற்றம் செய்தாள்? கையைப் பாருங்கள். அளவு குறைத்து ஊற்றிய குவளையை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறாள்.

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் கடையில் படி முத்திரை பார்க்க அதிகாரிகள் வருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். படியின் விளிம்பைக் கையால் தட்டி, தலை தட்டாமல் அளந்து போட்டவர் அவர். "அளவ விட்டா யாவாரம் என்னத்துக்கு" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு செதுக்கலுக்காகவே நான் யாரையும் லட்லோவுக்கு அனுப்புவேன். சந்தை ஊர் ஒன்று எதற்குப் பயந்தது, எதை மன்னிக்கவில்லை என்பதை இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அப்புறம் கோட்டை. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் டி லேசி குடும்பம் கட்டத் தொடங்கியது. 1483இல் 12 வயது ஐந்தாம் எட்வர்ட், தன் தந்தையான அரசர் இறந்த செய்தி கேட்டு இங்கிருந்துதான் லண்டனுக்குப் புறப்பட்டான். லண்டன் கோபுரத்தில் காணாமல் போன இரண்டு இளவரசர்களில் மூத்தவன் அவன். 1502இல் இளவரசர் ஆர்தர் 15 வயதில் இங்கே இறந்தார். அவருடைய இளம் மனைவி கேத்தரினைத்தான் பிற்பாடு தம்பி எட்டாம் ஹென்றி மணந்துகொண்டார். வேல்ஸையும் எல்லைப் பகுதிகளையும் ஆண்ட மன்றம் 1689 வரை இங்கே நடந்தது. அது கலைந்ததும் கூரை போய், சுவர் மட்டும் நின்றது. உள்முற்றத்தில் வட்டமாக நிற்கும் 12ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயத்தைத் தவற விடாதீர்கள்.

இவையெல்லாம் எந்த வழிகாட்டியிலும் கிடைக்கும். நமக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 1811இல் இந்தக் கோட்டையை அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு, எட்வர்ட் கிளைவ். இன்றும் கோட்டை போவிஸ் குடும்பத்துச் சொத்துதான்.

"எந்தக் கிளைவும்மா?" என்றார் அப்பா.

ராபர்ட் கிளைவின் மகன். ராபர்ட் பிறந்ததும் இதே ஷ்ராப்ஷயரில், மார்க்கெட் டிரேட்டன் என்ற இன்னொரு சந்தை ஊருக்குப் பக்கத்தில். மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னர். ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்கிறோமே, அண்ணா முதல் கலைஞர் வரை தலைவர்கள் உடலை வைத்து மக்கள் அஞ்சலி செலுத்திய இடம், அது அவர் காலத்தில் 1802இல் கட்டி முடித்த விருந்து மண்டபம். திப்பு வீழ்ந்தது 1799 மே மாதம். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது அதே வருஷம் அக்டோபர் 16. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24. எல்லாம் இந்தக் கவர்னரின் ஆட்சியில்.

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது கயத்தாறு வழியில்தான் வரும். சரக்கு எடுக்க அப்பா எத்தனையோ முறை கட்டபொம்மன் சிலையைத் தாண்டிப் போயிருப்பார். அவர் கோட்டைச் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அந்தத் தேதியச் சொன்ன இல்ல, இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன்.

எனக்கும் இதை முதல் தடவை படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. இந்த ஊர் அழகாக இருக்கிறது என்று சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் கோட்டைக்குப் பின்பக்கமாக இறங்கி, டின்ஹம் பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் விட்கிளிஃப் மேட்டுக்குப் போங்கள். கோட்டை, கோபுரம், பின்னால் க்ளீ மலை என்று மொத்த ஊரும் ஒரே பார்வையில் கிடைக்கும். ஜூனில் இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே வேண்டாம். காலடியில் தெரியும் பாறையையும் பாருங்கள். ஒரு காலத்தில் கடலடி. கிட்டப் போய்ப் பார்த்தால் விரல் நகம் அளவுக்குச் சிப்பித் தடங்கள் இருக்கும். 1830களில் மர்ச்சிசன் என்ற புவியியலாளர் இந்தப் பக்கத்துப் பாறைகளை ஆராய்ந்தார். சுமார் 42.7 கோடி வருஷத்துக்கு முன் தொடங்கிய ஒரு காலகட்டத்துக்கு உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே லட்லோதான். பாறையைத் தட்டிப் பெயர்க்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம்.

இரண்டாம் நாள். லட்லோவில் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் கிரேவன் ஆர்ம்ஸ், பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கிருந்து ஒரு மைல் நடந்தால் ஸ்டோக்சே. பெயர் கோட்டை, ஆனால் உண்மையில் மதில் வைத்த வீடு. லட்லோவைச் சேர்ந்த லாரன்ஸ் என்ற கம்பளி வியாபாரி 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிக்கொண்டது. கோட்டை மதில் வைக்க 1291இல் அரசர் அனுமதி கொடுத்தார். அரசருக்கே கடன் கொடுக்கும் அளவுக்குப் பெரிய ஆள். பெரிய கூடத்தின் மரக்கூரை அன்றைக்குப் போட்டது. நடுத்தரையில் அடுப்புக் கல் அப்படியே இருக்கிறது. புகைபோக்கி இல்லாத அந்தக் கூடத்தில் புகை மேலே ஏறி உத்தரங்களைக் கருப்பாக்கியதை அண்ணாந்து பார்க்கலாம்.

1294இல் பிரான்ஸோடு போர் வந்தபோது கம்பளி மூட்டைக்குக் கடும் வரி போட்டார்கள். அந்த வரிக்கு வியாபாரிகளைச் சம்மதிக்க வைத்ததில் லாரன்ஸுக்குப் பங்கு உண்டு. வரியின் சுமையோ ஆடு வளர்த்தவர்கள் தலையில் விழுந்தது, கொள்முதல் விலை குறைந்தது. அதே வருஷம் அவர் போன கம்பளிக் கப்பல் புயலில் மூழ்கியது. கம்பளிக்காரர்களுக்குச் செய்த பாவத்துக்குக் கம்பளிக் கப்பலிலேயே மூழ்கினான் என்று ஒரு மடத்தின் ஆண்டுக் குறிப்பில் எழுதி வைத்தார்கள். முந்தின நாள் குவளைக்காரியைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்! அப்பா உடனே, "அப்ப இவனையும் அந்தச் சீட்டுக்கு அடியில செதுக்கியிருக்கணும்" என்றார். சிரிக்கவில்லை, மனதாரச் சொன்னார்.

ஸ்டோக்சேயைச் சுற்றி நடைபாதைகள் உண்டு. இங்கிலாந்தில் எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இதுதான்: பொதுப் பாதை என்று பதிவாகியிருந்தால் அது தனியார் வயல் நடுவே போனாலும் யாரும் நடக்கலாம். மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். ஒரே ஒரு ஒழுங்கு, திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டுப் போக வேண்டும். கன்றோடு மாடு நின்றால் தள்ளியே நடங்கள். நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், முதல் நாள் தூறியிருந்தாலும் களிமண் வழுக்கும்.

வேலி தாண்டப் போட்டிருக்கும் மரப் படிகளில் அப்பாவைக் கை கொடுத்துத்தான் ஏற்றி இறக்கினேன். அப்படி ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டயபுரம் ஆட்டுச் சந்தை பார்த்து வளர்ந்தவரை அங்கிருந்து நகர்த்த முடியுமா? ஆட்டை உட்கார வைத்து, முழங்காலுக்கு நடுவே பிடித்து, மெஷினை ஓட்டினால் மொத்த ரோமமும் சட்டை கழற்றிய மாதிரி ஒரே துண்டாக வந்து விழுந்தது. ஓய்வில் கேட்டுக்குப் பக்கம் வந்த விவசாயியிடம், இந்த ரோமம் என்ன விலைக்குப் போகும் என்று அப்பா கேட்கச் சொன்னார். கேட்டேன். கத்தரிக்கிறவருக்குக் கொடுக்கும் கூலிக்கே காணாது, ஆடு நன்றாக இருக்க வேண்டுமே என்று கத்தரிக்கிறோம் என்றார் அவர்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தத் தேவாலயக் கோபுரமும் லாரன்ஸின் கூடமும் எதில் எழும்பினவோ அந்தச் சரக்கு. அப்பா முள்கம்பியில் சிக்கியிருந்த ஒரு துணுக்கை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். எண்ணெய்ப் பசை ஒட்டியது. முகர்ந்து பார்த்துவிட்டு, ரயில் டிக்கெட்டுக்குள் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.